வேரைப் பயமுறுத்தி மருந்து வாங்குவது: வேர் வளர்ப்பும் ஹார்மோனும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தது பாலக்காட்டு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை. வேலை, கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சிறிய திசு வளர்ப்புக் கூடத்தில். எங்களுக்குச் சோறு போடுவது வாழைக்கன்று. மூலிகை வேர் ஆசைக்கு வைத்துக்கொண்ட வேலை. ஆனால் ஊருக்குப் போனால் வாழையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "பாட்டிலுக்குள் வேர் வளர்க்கிறீர்களாமே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வேலந்தாவளத்து வேர் வியாபாரி, சித்தூர்ப் பக்கம் செங்கொடிவேலி பயிரிடும் அண்ணன், எங்கள் தெரு வைத்தியர், செய்முறை ஏட்டைத் தூக்கிக்கொண்டு வரும் கல்லூரி மாணவிகள் என்று ஆளுக்கொரு கேள்வி. ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

செடியே இல்லாமல் வேர் மட்டும் எப்படி வளரும்?

வளரும். 1934-இலேயே அமெரிக்காவில் பிலிப் ஒயிட் என்பவர் தக்காளியின் வேர்நுனியை வெட்டி, திரவத்தில் போட்டு, நுனியை மறுபடி மறுபடி வெட்டி மாற்றி, அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போவதைக் காட்டிவிட்டார். இலை சமைத்துக் கீழே அனுப்பும் சர்க்கரையை நாம் ஊட்டிவிட்டால் வேருக்கு இலை தேவையில்லை. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, உப்புகள், கொஞ்சம் வைட்டமின். உப்புக் கலவைக்கு 1962-இல் முராஷிகியும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த எம்.எஸ். ஊடகத்தைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். வேருக்கு அது கொஞ்சம் கனம். பாதி வீரியத்தில் கரைத்தால் போதும். இருட்டு, 25 டிகிரி, நிமிடத்துக்கு 80 முதல் 100 சுற்று மெல்ல ஆடும் மேடை. மூன்று நான்கு வாரத்தில் குடுவைக்குள் இடியாப்பம் அவித்து வைத்ததுபோல் வெள்ளை வேர் நிறைந்துவிடும்.

காட்டிலும் தோட்டத்திலும் வேர் கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை?

இலையைப் பறித்தால் செடி பிழைக்கும். வேரைத் தோண்டினால் செடியின் கதை முடிந்தது. சர்ப்பகந்தாவுக்கு நடந்தது அதுதான். அதன் வேரிலிருந்து 1952-இல் ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் அது மருந்தானது. காட்டில் இருந்ததையெல்லாம் தோண்டினார்கள். இன்று அந்தச் செடி சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

செங்கொடிவேலிக்கு அந்தக் கதி வரவில்லை, தோட்டப் பயிராகிவிட்டது. ஆனால் தோண்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கையுறை இல்லாமல் தொட்டால் கொப்பளம். ஒன்று ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை பொய்த்தால் வேர் மெலிந்துவிடும். ஒரு தோட்டத்து வேரில் இருக்கும் பிளம்பாஜின் என்ற மருந்துச் சேர்மத்தின் அளவு அடுத்த தோட்டத்து வேரில் இருக்காது. குடுவை வேரில் பருவம் இல்லை, மண் இல்லை, கலப்படம் இல்லை. அந்த ஒழுங்குக்காகத்தான் இவ்வளவு பாடு.

ஹார்மோன் என்றால் ஊட்டச்சத்து மாதிரிதானே? இரண்டு மடங்கு விட்டால் இரண்டு மடங்கு வருமா?

வராது. உரம் சோறு என்றால் ஹார்மோன் சேதி. சேதியை உரக்கச் சொன்னால் கேட்பவர் இரண்டு மடங்கு வேலை செய்வார் என்றில்லை. காதைப் பொத்திக்கொள்ளவும் கூடும்.

இந்த எல்லை நாட்டு விவசாயிகளுக்கு ஹார்மோன் புதிதல்ல, பெயர்தான் வேறு. பூ உதிராமல் இருக்கத் தெளிக்கும் பிளானோஃபிக்ஸ் என்பது 4.5 சதவீத என்.ஏ.ஏ., அதாவது ஆக்சின் என்ற ஹார்மோன் குடும்பத்தில் ஒன்று. முதலமடை மாந்தோப்புகளில் தூரில் ஊற்றும் கல்டார், மரம் தானே சுரக்கும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனை அடக்கி வைக்கும் மருந்து. பதியன் குச்சியைத் தோய்த்து நடும் செராடிக்ஸ் பொடியில் இருப்பது ஐ.பி.ஏ. என்ற இன்னோர் ஆக்சின். களை கொல்ல அடிக்கும் டூ-ஃபோர்-டி கூட ஆக்சின் வகைதான். அளவு மீறியதால் கொல்கிறது. ஒரே குடும்பத்துச் சரக்கு, ஒரு துளியில் வேர் விட வைக்கிறது, நூறு துளியில் சாகடிக்கிறது. இதை ஒரு விவசாயிக்குச் சொன்னால் அடுத்த நிமிடமே புரிந்துவிடும். மாணவிகளுக்குத்தான் நேரமாகிறது.

வேர் வளர்ப்பில் இரண்டு கட்சி ஹார்மோன்கள் உண்டு. வேரை வரவழைத்து வளர்ப்பவை ஒரு கட்சி. வளர்ந்த வேரை மிரட்டி மருந்து சுரக்க வைப்பவை இன்னொரு கட்சி. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. இனிவரும் பதில்களில் பாதி அந்தச் சண்டையைப் பற்றியதுதான்.

வேரை வரவழைக்க எதைச் சேர்க்க வேண்டும்?

ஐ.பி.ஏ. பெரும்பாலான மூலிகைகளுக்கு லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராமில் தொடங்கிப் பார்க்கலாம். என்.ஏ.ஏ. அதைவிட முரடு, வேர் குட்டையாகத் தடித்து, அடியில் சதைக்கட்டி திரளும். இயற்கையான ஐ.ஏ.ஏ. வெளிச்சத்திலும் சூட்டிலும் சிதைந்துவிடும், பணத்துக்குக் கேடு. டூ-ஃபோர்-டி வேண்டவே வேண்டாம்: வேர் தன் வடிவத்தை மறந்து சதைக்கட்டியாகிவிடும், வடிவத்தோடு மருந்தும் போய்விடுவதுண்டு. சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வகைகள் பொதுவாக வேருக்குப் பகை, தளிருக்குத்தான் நட்பு.

ஹார்மோனே இல்லாமல் வளரும் வேர் ஒன்று உண்டாமே?

உண்டு. புத்தகங்களில் 'மயிர்வேர்' என்று போட்டிருப்பார்கள். வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லைக்கு இந்தப் பக்கமும் சிரிப்பு, அந்தப் பக்கமும் சிரிப்பு. தமிழிலும் மலையாளத்திலும் அது ஒரே வசவு. நான் முடிவேர் என்று எழுதிவிடுகிறேன்.

ரைசோபியம் ரைசோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியா செடியின் காயத்தில் புகுந்து, தன் மரபுப் பொருளில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிடும். அந்தத் துண்டில் இருக்கும் 'ரோல்' மரபணுக்கள் அந்தச் செல்லை ஆக்சினுக்குக் கூர்மையாகச் செவிசாய்க்க வைக்கின்றன. விளைவு, காயம் பட்ட இடத்தில் முடி முளைத்ததுபோல் வேர்க்கூட்டம். அந்த வேரை வெட்டி, செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கால் பாக்டீரியாவை ஒழித்துவிட்டால், ஹார்மோன் இல்லாத ஊடகத்திலேயே ஆண்டுக்கணக்கில் வளரும். குணமும் அவ்வளவாக மாறாது.

"அப்படியென்றால் இது மரபணு மாற்றுப் பயிரா?" என்று பயந்துபோய்க் கேட்பவர்களுக்கு: இதே இனத்துப் பாக்டீரியாக்கள் என்றைக்கோ செருகிவிட்டுப் போன மரபணுக்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள். பொங்கலுக்கு அவித்துத் தின்றது அதைத்தான். அதற்காக ஆய்வகத்தில் விதி இல்லை என்று எண்ண வேண்டாம். நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் முதலில் கேட்க வேண்டும்.

சரி, மருந்தைக் கூட்டும் ஹார்மோன் எது?

ஜாஸ்மோனிக் அமிலமும் அதன் உறவான மெதில் ஜாஸ்மோனேட்டும். பெயரிலேயே மல்லிகை இருக்கிறது: 1962-இல் மல்லிகை எண்ணெயிலிருந்துதான் மெதில் ஜாஸ்மோனேட்டைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அது வெறும் வாசனைப் பொருள். செடிக்குள் அது அபாயச் சங்கு என்பது பிறகுதான் தெரிந்தது. புழு கடித்தாலும் பூஞ்சை தாக்கினாலும் செடி அதைச் சுரந்து, 'எதிரி வந்துவிட்டான், விஷத்தை எடுத்து வை' என்று உடம்பு முழுக்கச் சேதி அனுப்புகிறது. நாம் மருந்து என்று சொல்வதெல்லாம் செடியின் கணக்கில் விஷம். ரிசர்பின், பிளம்பாஜின், நிகோடின், எதை எடுத்தாலும் யாரோ ஒரு பூச்சியை விரட்ட வைத்திருந்த ஆயுதம்தான்.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்காத மாணவி கிடையாது. மருந்து தயாரிக்கும் மரபணுக்களை இயக்கும் புரதங்களை 'ஜாஸ்' என்ற வேறு புரதங்கள் சாதாரண நாளில் பிடித்து வைத்திருக்கும். ஜாஸ்மோனேட் வந்து, ஐசோலியூசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து, 'கோய்-1' என்ற, சேதி வாங்கும் புரதத்தில் அமர்ந்தால், அந்த ஜாஸ் புரதங்களைச் செல்லே அடையாளம் வைத்துத் துண்டாக்கிவிடும். பிடித்து வைத்த கை போனதும் இயக்கிகள் வேலையைத் தொடங்குகின்றன. ஜாஸ் புரதங்களை அடையாளம் கண்ட ஆண்டு 2007. அதற்கு முன்பே, 1992-இல், பல செடிகளின் செல் வளர்ப்பில் ஜாஸ்மோனேட் தூண்டுதலாக வேலை செய்வதை ஜெர்மனியில் காட்டியிருந்தார்கள். 1996-இல் ஜப்பானில் யூ மரச் செல்களுக்கு 100 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) மெதில் ஜாஸ்மோனேட் கொடுத்தபோது புற்றுநோய் மருந்தான பாக்ளிடாக்செல் பெருகியது. அந்த '100' என்ற எண் அதன்பின் ஒரு மந்திரம்போல் எல்லா ஆய்வேடுகளிலும் ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் வாயில் நுழையவில்லை என்றால் புகையிலைக் காட்டுக்கு வாருங்கள். பூ வைக்கும் நேரத்தில் கொழுந்தைக் கிள்ளிவிடுகிறார்கள் அல்லவா? இலை தடிக்கும், காரம் ஏறும். கொழுந்துதான் கீழே ஆக்சின் அனுப்பிக்கொண்டிருந்தது, அது நின்றுவிட்டது. கிள்ளிய காயம் ஜாஸ்மோனேட்டை எழுப்பியது. ஆக்சின் இறங்கி ஜாஸ்மோனேட் ஏறியதும் வேர் நிகோடினைக் கூடுதலாகச் சமைத்து இலைக்கு அனுப்புகிறது. ஆம், நிகோடின் உண்டாவது வேரில்தான், இலை வெறும் கிடங்கு. குடுவைக்குள் நாங்கள் செய்வது கிள்ளாமல் கிள்ளுவது. கொழுந்தும் இல்லை, புழுவும் இல்லை, சங்கு மட்டும் ஊதுகிறோம்.

எவ்வளவு சேர்க்க வேண்டும், எப்போது?

'எவ்வளவு' என்பதைவிட 'எப்போது' முக்கியம். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

சங்கு ஊதியதும் வேர் வளர்ச்சியை நிறுத்திவிடும். போர் வந்த ஊரில் யார் வீடு கட்டுவார்கள்? ஆகவே முதல் நாளே ஜாஸ்மோனேட் விட்டால் வேர் வளராது. கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஒன்றும் சேர்க்காத குடுவையில் லிட்டருக்கு 10 கிராம் உலர் வேர், கிராமுக்கு 2 மில்லிகிராம் மருந்து. மொத்தம் 20 மில்லிகிராம். முதல் நாளே ஜாஸ்மோனேட் விட்ட குடுவையில் 4 கிராம் வேர்தான், கிராமுக்கு 4 மில்லிகிராம். மொத்தம் 16. 'மருந்து இரண்டு மடங்கானது' என்று இதை எழுதலாம், பொய்யும் இல்லை. ஆனால் கைக்கு வந்தது குறைவு. மூன்று வாரம் வளரவிட்டு, கடைசி வாரத்தில் மட்டும் விட்ட குடுவையில் 9 கிராம் வேர், கிராமுக்கு 4 மில்லிகிராம். மொத்தம் 36. இதற்குத்தான் இருகட்ட வளர்ப்பு என்று பெயர்: முதலில் வேர், பிறகு மருந்து. யாராவது மடங்குக் கணக்கு சொன்னால், கிராமுக்கா, லிட்டருக்கா என்று கேளுங்கள்.

அளவு: 0, 25, 50, 100, 200 மைக்ரோமோலார் என்று ஐந்து படி வைத்துப் பார்க்க வேண்டும். செடிக்குச் செடி மாறும். மெதில் ஜாஸ்மோனேட்டின் மூலக்கூறு எடை 224.3. எனவே 224 மில்லிகிராமை எத்தனாலில் கரைத்து 10 மில்லியாக்கினால் 100 மில்லிமோலார் கையிருப்புக் கரைசல். அதில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து 50 மில்லி ஊடகத்தில் விட்டால் 100 மைக்ரோமோலார். தண்ணீரில் நேரடியாக ஊற்றினால் எண்ணெய்போல் கரையாமல் பிரிந்து நிற்கும். ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலனில், வைக்காதீர்கள், 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஊடகம் ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். வடிகட்டி எத்தனாலைத் தாங்கும் வகையா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

எத்தனை நாள் விடுவது? 1, 2, 4, 7, 10 என்று நாள் வைத்து வேரை எடுத்து அளந்தால் ஏறி இறங்கும் வளைவு ஒன்று கிடைக்கும். உச்சிக்குப் பிறகும் காத்திருந்தால் வேர் பழுப்பேறி, சுரந்ததைத் தானே சிதைக்கவும் தொடங்கும்.

ஒப்பீட்டுக் குடுவையிலும் மருந்து கூடிவிட்டது. எங்கே தவறு?

இதைக் கேட்ட மாணவியைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது, ஏனென்றால் எங்களுக்கும் இதே நடந்தது. முதல் சோதனையில் ஜாஸ்மோனேட் விட்டவை, ஒப்பீட்டுக்காக விடாதவை எல்லாவற்றையும் ஒரே மூடிய ஆட்டுமேடைக்குள் வைத்தோம். எல்லாக் குடுவையும் ஒன்றுபோல் மஞ்சள் கட்டியது. ஒரு வாரம் எடைக் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மெதில் ஜாஸ்மோனேட் ஆவியாகும் பொருள். பஞ்சு மூடி அதற்குத் தடையே இல்லை. 1990-இல் ஃபார்மரும் ரயனும் ஒரே மூடிய பெட்டியில் சேஜ்பிரஷ் என்ற வாசனைப் புதரையும் தக்காளிச் செடியையும் வைத்தார்கள். புதரிலிருந்து எழுந்த மெதில் ஜாஸ்மோனேட் காற்றிலேயே போய், தொடாமலே தக்காளியை உஷார்ப்படுத்தியது. பக்கத்து வீட்டில் சங்கு ஊதினால் நம் வீட்டிலும் கேட்கத்தானே செய்யும். ஒப்பீட்டுக் குடுவைகளை வேறு அறையில் வையுங்கள். இன்னொன்று: அவற்றிலும் அதே அளவு வெறும் எத்தனாலை விட வேண்டும், இல்லையென்றால் கூடியது ஜாஸ்மோனேட்டாலா சாராயத்தாலா என்று சொல்ல முடியாது.

சாலிசிலிக் அமிலம், கைட்டோசான், ஈஸ்ட் சாறு இவையெல்லாம்?

வேலை செய்யும், ஆனால் வேறு கதவு வழியாக. சாலிசிலிக் அமிலம் பெரும்பாலும் நோய்க்கிருமிக்கான சேதி, ஜாஸ்மோனேட் கடிக்கும் புழுவுக்கான சேதி. பல செடிகளில் ஒன்று எழுந்தால் மற்றது அமுங்கும். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் பலன் கூடும் என்று எண்ணி ஏமாறுபவர் பலர். கைட்டோசான் இறால் ஓட்டிலிருந்து வருவது, விலை மலிவு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைய வேண்டும். இது ஹார்மோன் அல்ல, பூஞ்சை வந்துவிட்டதாக நடிக்கும் வேடதாரி. பணம் இல்லாத கூடத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

நித்தியகல்யாணி வேரிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கலாமா?

முடியாது. ஊரில் பாதி வாசல்களில் பூக்கிறது என்பதால் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. அந்த மருந்தான வின்பிளாஸ்டின் உருவாக இரண்டு பாதிகள் வேண்டும். அதில் விண்டோலின் என்ற பாதி பச்சை இலையில்தான் முழுமை பெறுகிறது. வேரில் அஜ்மாலிசின் கிடைக்கும், காதரந்தின் கிடைக்கும், விண்டோலின் கிடைக்காது. ஹார்மோன் இருக்கும் அடுப்பை ஊதிவிடும், இல்லாத அடுப்பைக் கட்டித் தராது.

அமுக்கிராவிலும் இதேபோல் பார்க்க வேண்டும். வேரில் தேட வேண்டியது வித்தனோலைடு-ஏ. வித்தாஃபெரின்-ஏ பெரும்பாலும் இலைச்சரக்கு. எந்தச் சேர்மம் எந்த உறுப்பில் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் குடுவை கழுவத் தொடங்காதீர்கள்.

மருந்து கூடியதை எப்படித் தெரிந்துகொள்வது? ருசி பார்த்தா?

கொடிவேலியை ருசி பார்க்கத் துணிந்தால் நாக்கு வெந்துவிடும். சரியான வழி சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி, அது இல்லாதவர்கள் கல்லூரிகளில் கட்டணம் கட்டி அளந்துகொள்ளலாம். எங்கள் கூடத்தில் அதற்கு முன் ஒரு நாட்டுச் சோதனை வைத்திருக்கிறோம். பிளம்பாஜின் மஞ்சள் நிறம். காரம் பட்டால் சிவக்கும். வேர்ச் சாற்றில் இரண்டு சொட்டுச் சுண்ணாம்புத் தெளிவை விட்டால் செம்மை எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்கே தெரியும். வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடிவேலி வேரைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, நீர் சிவக்கச் சிவக்க மாற்றிச் சுத்தி செய்வதும் இந்த வேதியியல்தான். அளவு சொல்ல இது உதவாது. எந்தக் குடுவையைக் கருவிக்கு அனுப்புவது என்று பொறுக்க உதவும்.

இன்னும் ஒன்று. தூண்டிய வேர் மருந்தில் ஒரு பங்கைத் திரவத்துக்குள்ளும் கசியவிடும். வேரை மட்டும் அளந்துவிட்டு ஊடகத்தைச் சாக்கடையில் ஊற்றினால் பாதிக் கணக்கு போய்விடும். உறிஞ்சும் ரெசின் மணிகளைக் குடுவைக்குள் போட்டு அதைப் பிடித்துவிடுவோர் உண்டு. வேரும் தன் விஷத்தில் தானே மூழ்காமல் பிழைக்கிறது.

இதையே தோட்டத்தில் தெளித்தால் என்ன?

சித்தூர் அண்ணன் கேட்டது. "ஒரு டேங்க் அடித்துப் பார்க்கட்டுமா?" என்றார். வேண்டாம் அண்ணா என்றேன். இலையில் அடித்தால் பெரும்பங்கு காற்றில் போகும். மீதி வளர்ச்சியை அடக்கும். குடுவையில் கடைசி வாரம் என்று நாள் குறிக்க முடியும். தோட்டத்து வேருக்குக் கடைசி வாரம் எது என்று மழைதான் முடிவு செய்யும். அதோடு தோட்டத்தில் உண்மையான புழு இருக்கிறது, பூஞ்சை இருக்கிறது. அவை சம்பளம் வாங்காமலே சங்கு ஊதிக்கொண்டுதான் இருக்கின்றன. தண்ணீரை அறுவடைக்கு முன் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், செலவில்லாத தூண்டுதல் என்று சொல்லி அனுப்பினேன்.

பெரிய அளவில் யாராவது செய்கிறார்களா?

செய்கிறார்கள். ஜப்பானில் 1983-இல் ஷிகோனின் என்ற சிவப்புச் சேர்மத்தைச் செல் வளர்ப்பில் தயாரித்து உதட்டுச்சாயத்தில் விற்றார்கள். அது நம் பிளம்பாஜினுக்குச் சித்தப்பா முறை, அதுவும் வேர்ச்சரக்குதான். தென் கொரியாவில் ஜின்செங் வேரை 10,000 லிட்டர் கலன்களில் வளர்க்கிறார்கள். ஆறு வருடம் மண்ணில் கிடக்க வேண்டிய வேர், வாரக் கணக்கில் கைக்கு வருகிறது.

நம் ஊரில் தடையாக இருப்பது ஹார்மோன் அல்ல, காற்று. வேர் பந்தாகச் சுருண்டுகொண்டால் நடுவில் ஆக்சிஜன் போகாது, உள்ளே அழுகும். செல் வளர்ப்பைப்போலக் கலக்கவும் முடியாது, வேர் நசுங்கிவிடும். கீழிருந்து குமிழ் விடும் உருண்டைக் கலன்கள் அதற்காகத்தான். அந்தக் குமிழுக்கு மின்சாரம் வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்று புகுந்து கம்பியில் மட்டை விழுந்தால், ஜெனரேட்டர் எழும் வரை எங்கள் மூச்சும் நின்றுதான் இருக்கும்.

குடுவை வேரை வைத்தியத்துக்கு அப்படியே பயன்படுத்தலாமா?

எங்கள் தெரு வைத்தியர் கேட்டார். அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது: "பயமுறுத்தி வாங்கிய மருந்து, விரும்பிக் கொடுத்த மருந்துபோல் வேலை செய்யுமா?"

தனிச் சேர்மம் வேண்டுமென்றால் பயப்பட ஒன்றுமில்லை. பிளம்பாஜின் எங்கே பிறந்தாலும் பிளம்பாஜின்தான். ஆனால் வைத்தியர் கொடுப்பது முழு வேர். அதில் நூறு பொருள் ஒரு விகிதத்தில் இருக்கும். ஜாஸ்மோனேட் ஒன்றை ஐந்து மடங்காக்கி இன்னொன்றைத் தொடாமல் விடலாம். பழைய சூரணத்துக்கு வகுத்த அளவை இந்த வேருக்கு அப்படியே போட்டால் வீரியம் தாறுமாறாகும். அதிலும் கொடிவேலி கருவைக் கலைக்கக் கூடிய சரக்கு. முழு வேராக இதை மருந்தில் சேர்க்கக் கூடாது என்பதுதான் என் கருத்து, விற்கிறவர்கள் என்ன சொன்னாலும் சரி. வைத்தியர் சிரித்துவிட்டு, தோட்டத்து வேரையே சுண்ணாம்பு நீரில் போட்டார்.

அனுமதி ஏதாவது வேண்டுமா?

தாய்ச்செடியைக் காட்டிலிருந்து எடுக்காதீர்கள். வனத்துறை ஒருபுறம், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் மறுபுறம். வணிகமாகச் செய்தால் மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லையில் இருப்பதால் எந்த மாநிலம் என்ற குழப்பம் வரும்: செடி எந்தப் பக்கத்தில் எடுத்ததோ அங்கிருந்து தொடங்குங்கள். நாற்றங்காலில் பில்லோடு வாங்கிய செடி எல்லாத் தலைவலிக்கும் மருந்து.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேர் வளர்ப்பை ஒரு விளையாட்டாகச் செய்யலாம். வீட்டுக் குக்கர் ஏறக்குறைய 15 பவுண்டு அழுத்தம் தரும், ஆட்டோகிளேவும் அவ்வளவுதான். பூஞ்சை வராமல் கை வைக்கப் பழக ஆறு மாதம் ஆகும். ஜாஸ்மோனேட்டும் கொடிவேலியும் மட்டும் சமையலறைக்குள் வரக் கூடாது.

இதில் பணம் வருமா?

வேலந்தாவளத்து வியாபாரிக்குச் சொன்ன பதிலையே சொல்கிறேன். கிலோவுக்கு விலை பேசும் வேர் என்றால் மண்தான் மலிவு, குடுவை தோற்றுவிடும். கிராமுக்கு விலை பேசும் சேர்மம் என்றால் யோசிக்கலாம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாழைக்கன்று என்ன விலை என்று கேட்டார்.

வந்து பார்க்கலாமா?

தாராளமாக. ஆடி மாதம் மட்டும் வேண்டாம், மின்சாரத்தோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருக்கும். செருப்பை வெளியே விட வேண்டும். தலையில் மல்லிகை வைத்திருப்பவர்கள் அதை வாசலில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டு வரலாம். வேர் பயந்துவிடும் என்பதற்காக அல்ல, பூச்சரத்தில் ஒட்டிவரும் பூஞ்சை வித்துக்காக.